கோடை டயரும் ஏழு கால்மிதிகளும்

அக்காவுக்கு வேண்டிய காகிதம் ஒன்று என்னிடம் இருந்தது. எங்கள் பெற்றோரின் விவாகப் பதிவுப் பத்திரம். அதன் மூலப்பிரதி வட நோர்வேயில் என் அலுமாரியில், 'குடும்பம்' என்று எழுதிய பச்சை உறைக்குள், பல வருடங்களாகக் கிடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கான நேர்முகத்துக்கு மூலப்பிரதிகளைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று அக்காவுக்குக் கடிதம் வந்திருந்தது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன் என்றேன்.

"தபால் வேண்டாம். நீயே கொண்டு வா. நீ பக்கத்திலை நிண்டால் எனக்கு நாக்கு உலராது," என்றார் அக்கா.

2018 பிப்ரவரியில் ஒரு வார விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிசுக்குப் போனேன். கீழே எழுதுவது அந்த வாரத்து நாட்குறிப்பிலிருந்து எடுத்தது.

ஞாயிறு. விமான நிலையத்துக்கு அத்தான் வந்திருந்தார். பெயர் யோகநாதன், வயது ஐம்பத்தெட்டு, ஓர் உணவகத்தில் சமையல் வேலை. பிள்ளைகள் இருவரும் படித்து முடித்து வெளியூர் போன பிறகு, முந்தைய கோடையில் தமக்கென்று ஒன்று வாங்கியிருந்தார்: பழைய சிவப்பு விளையாட்டுக் கார், இரண்டே கதவு, பின்னிருக்கை பெயருக்கு. என் பெட்டி அதன் பின்பெட்டிக்குள் போகவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன்.

"எப்பிடி வண்டி?" என்று கேட்டார்.

"வடிவு. ஆனால் ரயர் மாத்தேல்லையோ அத்தான்?"

"பாரிசிலை ஸ்நோ கொட்டாது தம்பி. கொட்டினாலும் மத்தியானத்துக்கிடையிலை கரைஞ்சிடும்."

இறங்கியதும் டயரைத் தொட்டுப் பார்த்தேன். அகலமான கோடை டயர். குளிரில் அதன் ரப்பர் மேசைப் பலகைபோல் இறுகியிருந்தது. நான் இருக்கும் ஊரில் முதல் பனிக்கு முன்பே எல்லோரும் குளிர்கால டயருக்கு மாறிவிடுவார்கள்; அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. இந்தக் காருக்கு இன்னொரு குணமும் உண்டு. எஞ்சினின் பாரம் முன்னால், தள்ளும் சக்கரங்கள் பின்னால். பின்பக்கம் பாரமில்லாததால் பனியில் அந்தச் சக்கரங்களுக்குப் பிடி குறைவு. நான் நோர்வேக்கு வந்த புதிதில் வாங்கிய பழைய காரும் இதே சாதி. எட்டுக் குளிர்காலம் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினேன். இரண்டு முறை வாய்க்காலுக்குள் இறங்கினேன்.

வீடு பாரிசின் புறநகரான லெ பிளாங்-மெனிலில். சிறிய தனிவீடு. கார்க்கொட்டில் வீட்டுக்கு அடியில். தெருவிலிருந்து ஒரு சரிவு வழியாக அதற்குள் இறங்க வேண்டும். காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, துணியால் மூடி, விளக்கை அணைத்தார் அத்தான்.

"உவற்றை இரண்டாம் தாரம். எனக்கு ஒரு நாள் போர்வை இழுத்து மூடியிருக்கிறாரோ கேள்," என்றார் அக்கா.

திங்கள். காலையில் புட்டும் கட்டைச் சம்பலும். பிறகு நாள் முழுக்கப் பாடம். அக்கா ஒரு கொப்பியில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்திருந்தார், பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில். ஆறுகள், குடியரசின் சின்னங்கள், ஜனாதிபதியின் பெயர், எதற்காகக் குடியுரிமை கேட்கிறீர்கள். நான் கேள்வியை வாசித்தால் தட்டாமல் பதில் வந்தது. அதே கேள்வியை அத்தான் சற்று மாற்றிக் கேட்டால் அக்கா கொப்பியைப் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முறை போய், பேச்சுப் போதாது என்று திரும்பி வந்தவர் அவர். ஒரு பள்ளிக்கூட உணவுச்சாலையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறார். அங்கே பிள்ளைகளோடு பிரெஞ்சு சரளமாக வருகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி இருந்தால் வருவதில்லை.

"பிள்ளையள் பிரெஞ்சுக்காரர். உவரும் பிரெஞ்சுக்காரர். என்ரை வீட்டிலை நான் மட்டும் விசிற்றர்," என்றார். "இந்த முறை தவறினால் நான் பேந்து விண்ணப்பிக்க மாட்டன் தம்பி. சொல்லிப்போட்டன்."

நேர்முகம் புதன் காலை ஒன்பதரைக்கு, பொபினியில் இருக்கும் பிரிபெக்தூரில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில். தவறினால் புதிய நாளுக்குக் காத்திருக்க வேண்டும் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தது.

செவ்வாய். பிரதிகள் எடுக்கவும் சாமான் வாங்கவும் அத்தானும் நானும் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குப் போனோம். சூடான உழுந்து வடை இரண்டு, இஞ்சி போட்ட தேநீர். என் ஊரில் அடுத்த தமிழ்க் கடைக்குப் போக விமானம் ஏற வேண்டும். இங்கே ஒரே தெருவில் கருவாடும் கறிவேப்பிலையும் கூறைச் சேலையும். நான் முருங்கைக்காயைக் கையில் எடுத்துச் சற்று நேரம் வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்குப் பனி தொடங்கியது. நாலரைக்கு நடைபாதை முழுக்க வெள்ளை. மரக்கறிப் பெட்டிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொண்டிருந்த கடைக்காரர் சிவம், அத்தானின் பழைய சிநேகிதர், எங்கள் காரைப் பார்த்துச் சிரித்தார்.

"யோகன் அண்ணை, உதை இஞ்சை விட்டிட்டு றெயினிலை போங்கோ. உதுக்குச் சறுக்கத்தான் தெரியும்."

"நீ உன்ரை மரக்கறியைப் பார்," என்று அத்தான் எஞ்சினை முடுக்கினார்.

ரயில் பாதைகளுக்கு மேலே போகும் பாலத்தின் ஏற்றத்தில் அவர் முன்னாலிருந்த வானை முந்த நினைத்து மிதித்தார். காரின் பின்பகுதி எங்களைவிட அவசரமாக இருந்தது. வலப்பக்கம் வீசி, நாங்கள் தெருவுக்குக் குறுக்காக நின்றோம். பின்னால் வந்த பேருந்து இருபது மீற்றருக்கு முன்பே நின்றுவிட்டது. அதன் சாரதிக்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

நடைபாதையில் போன இரண்டு பேர் ஓடிவந்தார்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"சார், ஸ்டியரிங்க நேரா வச்சிக்கோங்க. ஆக்சிலேட்டர் குடுக்காதீங்க. நாங்க புஷ் பண்றோம்."

"பனியில ஓட்டின அனுபவம் இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். வீடியோல பாத்தது."

தள்ளி நேராக்கினார்கள். பெயரைக் கேட்பதற்குள் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அத்தான் இறங்கி, சுற்றிவந்து, என் பக்கக் கதவைத் திறந்தார். இடம் மாறினோம்.

நான் முதலில் கடைக்குத்தான் திரும்பினேன். இருபது கிலோ அரிசி மூட்டை மூன்று வேண்டும் என்றேன்.

"வீட்டிலை அரிசி கிடக்குது," என்றார் அத்தான்.

"சமைக்க இல்லை அத்தான். பாரத்துக்கு."

சிவம் என்னை ஒரு தரம், காரை ஒரு தரம் பார்த்தார். விளங்கிவிட்டது. தானே மூட்டைகளைத் தூக்கிவந்து, நான் காட்டிய இடத்தில், பின்னச்சுக்கு நேரே, பின்பெட்டியின் முன்சுவரோடு அணைத்து வைத்துக் கயிற்றால் கட்டினார். மூட்டை நழுவினால் அது திருப்பத்தில் இன்னொரு எதிரி.

"கொண்டு போங்கோ. ஸ்நோ முடியத் திருப்பித் தாங்கோ. ஆனால் அவிச்சுப்போட்டுச் சாக்கை மட்டும் கொண்டரப்படாது," என்றார்.

வழக்கமாக முப்பத்தைந்து நிமிடம் எடுக்கும் வழி அன்று இரண்டு மணி பத்து நிமிடம் எடுத்தது. பனியில் செய்ய வேண்டியவை குறைவு. செய்யக் கூடாதவைதான் அதிகம். இரண்டாம் கியரில் புறப்பட்டேன்; முதலாம் கியரின் விசைக்குச் சக்கரம் சும்மா சுழலும். காலுக்கடியில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்து மிதித்தேன். வளைவுக்கு முன்பே, தெரு நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்தேன். வளைவுக்குள் மிதிக்கவும் இல்லை, சட்டென்று காலை எடுக்கவும் இல்லை. சட்டென்று கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் பிடித்து இழுத்து வால் வீசும். ஒரு முறை அப்படி வீசத்தான் செய்தது. மெல்லக் காலைத் தளர்த்தி, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து, சக்கரத்தையும் அந்தப் பக்கமே திருப்பினேன். கண் போன இடத்துக்குக் கார் போனது. விளக்குக் கம்பத்தைப் பார்த்திருந்தால் கம்பத்துக்கே போயிருப்போம்.

அத்தான் வழி முழுக்க இடக்கையால் இருக்கையைப் பிடித்திருந்தார். வீட்டுச் சரிவில் இறங்கியதும் சொன்னார்: "ரயர் மாத்துறன் தம்பி."

புதன். ஐந்தரைக்கு எழுந்தேன். அக்காவின் தையல் அடிமட்டத்தால் அளந்தேன்: மதிலின் மேல் பனி பதினொரு சென்றிமீற்றர். வெளியே மைனஸ் ஐந்து. பேருந்துகள் ஒன்றும் ஓடவில்லை என்று கைப்பேசி சொன்னது. பொபினி ஆறு கிலோமீற்றர். என்னால் நடக்க முடியும். அக்காவின் முழங்கால் நடக்காது. டாக்ஸிக்கு அத்தான் நாலு இடத்துக்கு அடித்துப் பார்த்தார். வரமாட்டோம் என்றார்கள்.

கோடை டயரோடு பனிக்குள் இறங்காதே என்பதுதான் நான் யாருக்கும் சொல்லும் முதல் புத்தி. நகர வீதிகளில் உப்புப் போட்டிருக்கிறார்கள், மூட்டைகள் இருக்கின்றன, ஆறு கிலோமீற்றர்தான் என்று எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். வேறு வழி இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

மண்வெட்டியை எடுத்துச் சரிவைச் சுத்தம் செய்தேன். நாற்பது நிமிடம். சீமெந்துத் தரை கறுப்பாகத் தெரியும்வரை கூட்டினேன். திருப்தியோடு உள்ளே போய் நாலு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். என் பிழை அந்த இடியப்பம். பத்து நிமிடம் நான் வெளியே இல்லை.

திரும்பி வந்தபோது சரிவு மஞ்சளாக மின்னியது.

வாசலில் அக்கா, குளித்து, சேலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டு, கையில் வெறும் வாளியோடு நின்றார். நல்ல காரியத்துக்குப் போகிற நாள். தம்பி வாசலைக் கூட்டிவிட்டான். கூட்டிய வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார், மேலிருந்து கீழ்வரை, தாராளமாக. தெளித்த தண்ணீர் அப்படியே உறைந்து கண்ணாடியாகிவிட்டது.

அத்தான் பார்த்தார். "பவானி, நோர்வேக்காரன் விறைக்க விறைக்கக் கூட்டினதை நீர் ஸ்கேற்றிங் திடல் ஆக்கிப்போட்டீர்."

"கூட்டின வாசலைத் தெளிக்காமல் விடுறதோ? இண்டைக்கு?" அக்கா வாளியைக் கீழே வைத்தார். "நானே என்ரை அலுவலுக்கு மண் போட்டன் தம்பி."

"ஒண்டும் இல்லை அக்கா. ஏறலாம்," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

குசினியிலிருந்த உப்பு முழுவதையும் கொட்டினோம். அந்தக் குளிரில் உப்பு வேலை செய்யும், ஆனால் மெதுவாகத்தான் செய்யும். நேரம் ஏழு இருபத்தைந்து. முதல் முயற்சியில் கார் பாதி ஏறி, சக்கரம் சுழன்று, வந்த வழியே வழுக்கி இறங்கியது. இரண்டாவதிலும் அதே. அப்போதுதான் வாசலில் கிடந்த தும்புக் கால்மிதி கண்ணில் பட்டது. தென்னந்தும்பு முரடு, பனிக்கட்டியைப் பிடிக்கும். ஆனால் ஒன்றுதான் இருந்தது. சக்கரம் இரண்டு, சரிவின் நீளம் ஒன்பது மீற்றர்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மதாம் பெரேய்ரா, எழுபது வயதுப் போர்த்துக்கேய அம்மா. தபால்பெட்டியில் எங்கள் நாட்டுச் சிங்களப் பெயர்போல் இருந்த அந்தப் பெயரைப் பார்த்துச் சிங்கள ஆட்கள் என்று நினைத்து, அக்கா குடும்பம் முதல் வருடம் முழுக்க அவரோடு பேசவே இல்லையாம். இப்போது இரண்டு வீட்டுக் கறியும் மதிலைத் தாண்டிப் போய்வருகிறது. அவர் தரையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"இன்றைக்குத்தானே உங்கள் சந்திப்பு?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அக்கா தலையாட்டினார்.

மதாம் பெரேய்ரா குனிந்து தன் வாசல் கால்மிதியை எடுத்து மதிலுக்கு மேலால் நீட்டினார். பிறகு வீட்டுச் சப்பாத்தோடு தெருவில் இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினார். "பயாசோன்! உங்கள் பயாசோனைத் தாருங்கள்!" கால்மிதிக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். உணவுச்சாலையில் தேவைப்படாத சொல். அக்காவின் கொப்பியிலும் இல்லை. எதிர்வீட்டு மாலி நாட்டுக்காரர் தன்னுடையதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு அடுத்த வீட்டில் இரவு ஆடையோடு ஒரு பெண் இரண்டு கொண்டுவந்தார். ஐந்து நிமிடத்தில், எங்களுடையதோடு சேர்த்து, ஏழு. வீட்டு எண்களோடு குறித்துக்கொண்டேன், மாறிப்போகாமல் திருப்பிக் கொடுக்க.

பின்சக்கரத் தடங்களில் மூன்று மூன்றாக விரித்து, மிஞ்சியதை மேல் விளிம்பில் வைத்தோம். சறுக்கலைத் தானாகக் கட்டுப்படுத்தும் பொத்தானை அணைத்தேன். இப்படிச் சிக்கிக்கொண்ட நேரத்தில் அது எஞ்சினை அமுக்கி ஏறவிடாது. வீதிக்கு ஏறியதும் மறக்காமல் மீண்டும் போட வேண்டும். காருக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம், கால்மிதி பறந்து அடிக்கும் என்றேன். அத்தான் மொழிபெயர்த்தார். எல்லோரும் மதிலோரம் ஒதுங்கினார்கள்.

"அக்கா, பின்சீற்றிலை ஏறுங்கோ."

"ஏன், முன்னுக்கு ஆர்?"

"அத்தான். உங்கடை பாரம் பின்னுக்கு வேணும்."

"நான் என்ன அரிசி மூட்டையோ?" என்றபடி பத்திரங்கள் வைத்த கோப்பினை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெயருக்கு இருந்த இருக்கைக்குள் நுழைந்தார். அன்று காலை முதன்முறையாகச் சிரித்தார்.

மெல்ல மிதித்தேன். முதல் இரண்டு கால்மிதிகள் பின்னால் பறந்து கொட்டில் கதவில் அறைந்தன. இரண்டாவது சோடி பிடித்தது. விளிம்பில் ஒரு கணம் கார் யோசித்தது. பிறகு நாங்கள் தெருவில் இருந்தோம். மாலிக்காரர் கைதட்டினார். நேரம் ஏழு ஐம்பத்திரண்டு.

பிறகு வந்தவை சுலபம் என்று சொல்லமாட்டேன். நடைவேகத்தைவிடச் சற்றுக் கூட. முன்னால் போகும் வண்டிக்கும் எங்களுக்கும் வழக்கத்தைப்போல் ஐந்து மடங்கு தூரம். ரயில் பாதைக்கு மேல் ஒரு பாலம் இருந்தது; பாதி ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் மறுபடி புறப்பட முடியாது. அடியில் நிறுத்தினேன். உச்சியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அங்கே ஓடாத பேருந்து ஒன்று ஓரமாக நின்றது. அதன் சாரதி, கையில் கோப்பிக் குவளையோடு, உச்சி தெரியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் டயரைப் பார்த்துவிட்டு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"எங்கே போகிறீர்கள், கடற்கரைக்கா?"

அத்தான் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். பின்னாலிருந்து அக்கா, கொப்பி பார்க்காமல், பிரெஞ்சில் சொன்னார்: "பிரிபெக்தூருக்கு ஐயா. பிரெஞ்சுக்காரி ஆகப் போகிறேன், வண்டி விட்டால்."

அவர் சிரித்துவிட்டு மேலே நடந்தார். எதிரே வந்த இரண்டு வண்டிகளைப் போகவிட்டு, மூன்றாவதைக் கையால் மறித்து, எங்களை வரச் சொன்னார். நிற்காமல் ஒரே சீராக ஏறினேன். கடந்தபோது அவர் குவளையை உயர்த்தினார்.

ஒன்பது ஐந்துக்குப் பொபினி. அக்காவை உள்ளே விட்டார்கள், எங்களை விடவில்லை. எதிரிலிருந்த கோப்பிக்கடையில் ஆளுக்கொரு குரொசான் வாங்கினோம். இரண்டும் தட்டிலேயே கிடந்தன.

"வாசல் தெளிச்சதுக்கு நான் பேசினது பிழை," என்றார் அத்தான். "அந்த மனுசி பயத்திலை எல்லோ தெளிச்சது."

பத்து ஐம்பதுக்கு அக்கா வந்தார். கோட்டுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"என்ன கேட்டவை?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"கேள்வி கேட்ட பிள்ளையும் ஸ்நோவிலை நனைஞ்ச சப்பாத்தோடை அப்பத்தான் வந்தவ. முதல் கேள்வி, எப்பிடி வந்தனீங்கள் எண்டு. கொப்பியிலை இல்லாத கேள்வி." அக்கா மூச்சுவிட்டார். "நான் மஞ்சள் தண்ணியிலை துவங்கினன். ஏன் தெளிக்கிறது எண்டு கேட்டா, சொன்னன். பேந்து பயாசோன். ஏழு எண்டு விரல் காட்டினன். ஆர் ஆர் தந்தது எண்டு கேட்டா. ஒவ்வொரு வீடாச் சொன்னன். எழுதிக்கொண்டே இருந்தா. ஆறுகளைப் பற்றி ஒண்டே ஒண்டுதான் கேட்டா."

"விவாகப் பத்திரம்?" என்றேன். அதற்காகத்தானே வந்திருந்தேன்.

"பார்த்தவ. வடிவான கையெழுத்தாம்."

மாலையில் கால்மிதிகளைத் தட்டி, ஐஸ் போக உலர்த்தி, எண்படி திருப்பிக் கொடுத்தோம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெட்டி வடை. வெள்ளிக்கிழமை பனி கரைந்த பின் லா சப்பலுக்குப் போய் மூன்று மூட்டையையும் இறக்கினேன். சிவம் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு மணி குறையேல்லை. நோர்வேயிலை நல்லாத்தான் வளர்த்திருக்கினம்."

சனிக்கிழமை விமானம் ஏறினேன்.

குடியுரிமை தந்த கடிதம் அடுத்த வருட இலையுதிர்காலத்தில் வந்தது. தொலைபேசியில் அக்கா அதைப் பிரெஞ்சிலேயே வாசித்தார், நிறுத்தாமல். அத்தான் டயர் மாற்றிவிட்டார். அக்கா குளிர்காலத்தில் மஞ்சள் தண்ணீரை வீட்டுக்குள் மட்டும் தெளிக்கிறார்.

சென்ற வருடம் மறுபடி போயிருந்தேன். மதாம் பெரேய்ராவின் வாசலில் அதே கால்மிதி. ஒரு மூலையில் மஞ்சள் கறை. அக்கா கடையில் புதிது வாங்கிக் கொடுத்தாராம். மதாம் அதைச் சமையலறையில் போட்டுவிட்டு, பழையதை வாசலிலேயே வைத்திருக்கிறார். நான் உள்ளே போகும்போது அந்த மூலையை மிதிக்காமல் சுற்றிப் போனேன். மிதி, அதற்குத்தானே அது, என்றார் அவர். மிதித்து, காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, உள்ளே போனேன்.